ஆணி இல்லாத மரம்

மேற்கு தாம்பரம்,
ஜூலை 11, வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான தனசிங்குக்கு,

வேதசிரோமணி எழுதுவது. நானும் ஞானஜோதியும் சுகம். குலசேகரத்தில் நீயும், மகள் பிளஸ்ஸியும், மருமகன் ஜோனத்தானும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவனுக்கு இதென்ன புதுசாகக் கடிதம் என்று யோசிப்பாய். இந்த வாரம் மூன்று தடவை போன் செய்தேனே, எதற்கென்று நினைத்தாய்? ஒவ்வொரு தடவையும் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் பேனா.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. ஞானஜோதிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற விடுவதில்லை. நீ அனுப்பிய பலாப்பழத்தை அறுத்து எதிர்வீட்டு சாவித்ரி டீச்சருக்கும் கொடுத்தோம். பெருங்களத்தூரில் உன் மர லாரிக்காக நான் காத்து நிற்கும் டீக்கடையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். பொங்கல் நெரிசலில் லாரி நாலு மணி நேரம் நகராமல் நின்றதே, நீ கட்டிக்கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கையும் மீன் குழம்பையும் லாரியில் மரத்தடிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோமே, அந்த இடம்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இப்போதும் தலை தானாகத் திரும்புகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் மடக்கு நாற்காலிகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இப்போது புது விதி போட்டிருக்கிறது. ஒவ்வொரு தடியும் யாருடைய தோட்டத்தில் நின்றது என்று காட்ட வேண்டும். காட்டு மரம் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. இதைச் சரிபார்க்க விஷ்ணுப்ரியா என்று ஒரு ஆடிட்டர் பெண் போன மாதம் வந்தாள். என் ரிஜிஸ்டரைப் புரட்டியவள், தனசிங் என்பது எந்த மாவட்டம் சார், மேப்பில் கிடைக்கவில்லையே என்று கேட்டாள். ‘மரம் வந்த இடம்’ என்ற கட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் உன் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன்! லோடு இறக்கும் ஜெயவேலு, அது வூரு இல்லம்மா, நம்ம அண்ணன் என்று சொல்ல, ஆபீஸே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. உன்னிடம் எந்தத் தோட்டம் என்று கேட்பதே உன்னை அவமானப்படுத்துவது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு எப்படிக் கேட்பேன் சொல். அப்போது நாங்கள் இருந்த முடிச்சூர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மரம் இறக்க வந்த லாரியை நீ எங்கள் தெருவுக்குள் திருப்பினாய். ஞானஜோதியைத் தூக்கித் தடிகள் மேல் உட்கார வைத்தாய். உடன்பிறந்தவன்கூட அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. நீ வந்தாய்.

இந்த வருஷம் நீ அனுப்பிய பதினான்கு லோடுக்கும் பேப்பர் கேட்டு வாங்கி, ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பதின்மூன்று சரி. மார்ச் மாதம் வந்த அயனிப்பலா மர லோடு மட்டும் இடித்தது. பேப்பரில் சவுரிமுத்து என்பவரின் தோட்டம் என்று இருக்கிறது. போன ஆளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், என் அயனி எல்லாம் நிற்கிறதே என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாராம் அந்தப் பெரியவர். ஜோனத்தான் வந்து நிலத் தீர்வை ரசீதின் நகல் மட்டும் வாங்கிப் போனதாகச் சொல்லியிருக்கிறார். பேப்பரின் அடியில் இருக்கும் கையெழுத்து ஜோனத்தானுடையது இல்லை தனசிங், உன்னுடையது.

எனக்கு இது புதுச் செய்தியா என்றால், இல்லை. அதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை.

வீட்டுத் தோட்டத்து மரம் என்றால் ஆணி இருக்கும். துணிக்கொடி கட்டியது, மிளகுக்கொடிக்கு அடித்தது, தேர்தல் போர்டு மாட்டியது. அதில் பட்டு வாளின் பல் போகும்போதெல்லாம் மரம் அறுக்கும் மில்காரர் உன் பரம்பரையையே இழுப்பார். நீ மட்டும் அந்த ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கதை சொல்வாய். ஒருமுறை பெரிய கொக்கி ஒன்று வந்தது. அந்த வீட்டில் ஐந்து பெண் பிள்ளைகள், ஊஞ்சல் கட்டின கொக்கி, கடைசிப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆன பிறகுதான் மரத்தை வெட்டக் கொடுத்தார்கள் என்றாய். மில்காரரே கோபத்தை விட்டுவிட்டு டீ சொன்னார். அந்த நாட்களுக்காகவே அந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யலாம் போலிருக்கிறது.

மார்ச் லோடில் ஒரு ஆணி இல்லை. இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன், வெண்ணெய் போல அறுந்தது. இன்னா சார், இந்த தபா ஒண்ணுகூட சிக்கல என்று ஜெயவேலு குதித்தான். மனுஷன் கை படாத இடத்தில் நின்ற மரம் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் ரிஜிஸ்டரில் வழக்கம்போல உன் பெயரை எழுதினேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, பாதி என்மேலும்தான்.

முதலாளி ஸ்ரீவத்சன் சின்ன வயசுக்காரர் என்றாலும் தயவுள்ளவர். தோட்டத்தின் பெயர் மாறிப்போய்விட்டது, எழுத்துப் பிழை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஆடிட்டரிடம் சொல்லிப் பார்க்கலாம் சார் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வழி காட்டினார். டிசம்பரில் ரிட்டயர் ஆகிறேன், யார் கேட்கப் போகிறார்கள்? பேப்பரை எடுத்து இரண்டு வரி எழுதவும் செய்தேன். மூன்றாவது வரி வரவில்லை. கிழித்துவிட்டேன்.

உன் மரவாடியிலிருந்து இனி மரம் எடுப்பதில்லை என்ற கம்பெனிக் கடிதம் அடுத்த வாரம் உனக்கு வரும். கையெழுத்து என்னுடையது. வேறு யாராவது போடட்டும் என்று முதலாளி சொன்னார், நான்தான் ஒப்பவில்லை. அது வருவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ஒரு வழி இருக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லித் திருத்திக்கொண்டால், ஒரு வருஷம் பார்த்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். மறைத்தால் கதவு மூடியதுதான். உன் மரத்தில் முக்கால்வாசி எங்களுக்குத்தானே வருகிறது, அந்த மரவாடி என்ன ஆகும்? ஜோனத்தான் உனக்குத் தெரியாமல் செய்தானா, தெரிந்து செய்தானா, நீயே செய்தாயா, எதுவானாலும் எழுது. கம்பெனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பதில் மட்டும் வேண்டாம்.

ஞானஜோதியிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாள் தவறாமல், சாயங்கால ஜெபத்தில் எங்கள் பிள்ளைகளின் பெயருக்கு அடுத்ததாக உன் பெயரைத்தான் சொல்கிறாள். அந்தக் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே என்கிறாள். நேற்றும் சொன்னாள். ஆமென் சொல்ல என் வாய் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கைவிடாமல் காப்பாராக. சீக்கிரம் எழுது தனசிங். அவள் இன்னும் எத்தனை நாள் வெந்நீர் வைப்பாள்?

உன் அன்பு நண்பன்,
வேதசிரோமணி