அடுத்த வரி யாருடையது

ஜூன் 11, செவ்வாய்

எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது நான்கு சீட்டில் நான்கு பைபிள் பைகள் உட்கார்ந்திருந்தன. ஜிப் வைத்த கறுப்புப் பைகள். ஆட்கள் இன்னும் வரவில்லை. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அது ஆள் வர்ற சீட்டுமா," என்றார் எதிரில் இருந்த அக்கா.

"யாரு, மோசேயா?"

அதற்குப் பிறகு பைக்காரர்களும் வந்து சேர, பங்காருபேட்டை வரை எனக்காக ஜெபித்தார்கள். பெயர் தெரியாததால் 'இந்தச் சகோதரி'. இந்தச் சகோதரியின் கல்மனசு உடையட்டும் - கைதட்டல். பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்திலிருந்து கன்னடத்துக்கும் தமிழுக்கும் மாற்றும் வேலைக்காகத் தினமும் வைட்ஃபீல்டு போகிறேன். கல்மனசு இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

நேற்றும் தூக்கம் இல்லை. பெட்டி முழுக்க வாய் பிளந்து தூங்குகிறது. என் கண் மட்டும் திறந்தபடி. அப்பா இறந்த வருடத்திலிருந்தே இப்படித்தான்.

ஜூன் 16, ஞாயிறு

நம்பிக்கை இல்லாத ஒருத்தி வாரம் ஒருமுறை மைக் பிடித்துப் பிரசங்கம் செய்கிறாள். நான்தான்.

ஏப்ரலில் அம்மாவுக்கு டிபி என்றார்கள். அரசாங்க மாத்திரை, ஆறு மாதம். அம்மா அதோடு தன் பங்குக்கு ஒரு பொருத்தனையும் பண்ணிக்கொண்டாள்: சுகம் கொடுத்தால் என் மகளின் நாக்கு உனக்கு. அவளுடைய சளிக்கு என்னுடைய நாக்கு. யாரும் என்னைக் கேட்கவில்லை.

கோரமண்டலில் பழைய தங்கச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெப வீடு. பாஸ்டர் நேசமணி தமிழில் பேசுவார். பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்காக, அவர் ஒரு வரி சொன்னால் நான் அதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். முன்பு சொல்லிக்கொண்டிருந்தவன் துபாய் போய்விட்டான். அவனுக்காவது ஜெபம் பலித்தது.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும். இன்று பாஸ்டர் கண்ணீரோடு, "நான் மகா குடிகாரனா இருந்தேன்!" என்றார். நானும் மைக்கில் கன்னடத்தில் மகா குடிகாரியானேன். பின்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

முன்பு அவருக்கு மாரிகுப்பத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. இப்போதும் செய்வது அதேதான்.

ஜூன் 28, வெள்ளி

ஏன் இத்தனை எரிச்சல் உனக்கு? கடவுள் இல்லையென்றால் சும்மா இருந்துவிட்டுப் போகலாமே.

அப்பா சுரங்கத் தூசியால் இருமி இருமி அடங்கிய வருடம், பியூசி, அதாவது பன்னிரண்டாவது, படித்துக்கொண்டிருந்தேன். தினமும் முழங்காலில் நின்றேன். அம்மா மாதிரி பேரம் பேசவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். பதில் வரவில்லை. பிறகு எம்.ஏ. வகுப்பில் கடவுள் இறந்துவிட்டார் என்று சொல்லித் தந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. இருந்துகொண்டே பேசாமல் இருந்தார் என்பதைவிட அது மரியாதை.

ஆனால் செத்தவர்மேல் இவ்வளவு கோபம் வருமா?

ஜூலை 14, ஞாயிறு

இன்று அம்மாவின் சாட்சி.

இங்கே ஒரு வழக்கம். நோய் போகும் முன்பே, போய்விட்டது என்று எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாசம். கடையில் பொருள் வாங்கும் முன்பே பில்லைக் கேட்பது போல. அம்மா பட்டுப் புடவையில் வந்து நின்றாள். இருமல் நின்றுவிட்டது, பசிக்கிறது, எடை ஏறிவிட்டது - எல்லாம் உண்மை. மூன்று மாத மாத்திரை. கைதட்டல் மட்டும் கூரைக்கு மேலே போனது.

பிறகு பாஸ்டர் மைக்கை வாங்கினார். "சுகமாயிட்டேன்னு வாயால சாட்சி சொல்லிட்டு, வூட்டுக்குப் போய் மாத்திரைய முழுங்கினா, நீ யார நம்புற? ஆண்டவரையா, ஆசுபத்திரியையா?"

என் முறை.

கன்னடத்தில் சொன்னேன்: "சுகமடைந்தவர்களும் டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆண்டவர் ஆஸ்பத்திரி வழியாகவும் வேலை செய்கிறார்." கிராமத்துக்காரர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பாஸ்டருக்குத் தெரிந்தது கடைக் கன்னடம். போதாததற்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை.

நடந்து வரும்போது அம்மா கேட்டாள். "அவரு சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. இன்னாடி இது?"

"நான் சொன்னதுதான் நல்லாருந்துச்சு."

"எதுடி ஆண்டவர் வார்த்தை?"

"ரெண்டும் இல்ல."

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரு பிரசங்கத்தையே திருத்திவிட்டேன். இந்த வருடத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். "போட்டேன், போட்டேன்." ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று. துணியெல்லாம் சாம்பல் நிறம். அம்மா இருமுகிறாள். தூசி என்கிறாள். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

ரத்தம்.

வாஷ்பேசினில். அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"எப்பலேர்ந்து மாத்திரை போடல?"

"சாட்சி சொன்ன அன்னைலேர்ந்து."

"பொய் சொன்னியாம்மா?"

"உங்கிட்டதான பொய் சொன்னேன். ஆண்டவர்கிட்ட சொல்ல முடியுமா? எல்லார் முன்னாடியும் சொகமாயிட்டேன்னு சொல்லிட்டு அப்பால போட்டா..." முடிக்கவில்லை. இருமல்.

பேத்தமங்களாவிலிருந்து வந்த முன்பின் தெரியாத முப்பது பேர் என் பேச்சைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் என் அம்மா ஞானசுந்தரி போடவில்லை. அவளுக்கு இரண்டும் புரிந்தது. இரண்டையும் கேட்டாள். பாஸ்டரைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் மாட்டாள்? அவர் நம்பிச் சொன்னார். நான் கிண்டலாகச் சொன்னேன்.

ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை ஒருநாள் திருப்பிப் பார்த்தேனா?

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார். மருந்துக்கு இன்னும் கட்டுப்படுகிறதா என்று ரிப்போர்ட் வந்தால்தான் தெரியுமாம். கட்டுப்படாவிட்டால் வேறு மருந்து. அதற்கும் அடங்காவிட்டால்? கேட்கவில்லை.

பாஸ்டர் வந்தார். கையில் ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, முகத்தில் இரட்டை மாஸ்க். ஆண்டவர் ஒரு மாஸ்க் அளவுக்குக்கூட நம்பகமில்லை போல.

"நான் எங்கமா மாத்திரைய நிறுத்தச் சொன்னேன்?"

அவர் சொன்னதை அவருக்கே சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, அவருடைய ராகத்தோடு. முகம் துடைத்த இடம்வரை. என் தொழில் அது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்டியா சொன்னேன்? பரிசுத்த ஆவில பேசுறப்ப இன்னா சொல்றேன்னு ஞாபகமே இருக்கறதில்லமா."

"எனக்கு இருக்கு. நாந்தான திருப்பிச் சொல்றவ."

"ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாம். போங்க."

போனார். ஹார்லிக்ஸ் பெஞ்சிலேயே இருந்தது. திட்டித் தீர்த்தால் மனசு லேசாகும் என்பார்களே - ஆகவில்லை. அவர் நடை பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா கடைசி ஷிஃப்ட் முடிந்து வந்த நடை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும். ரொம்ப யோசிக்காமல்.

பக்கத்துக் கட்டிலில் பேத்தமங்களாவைச் சேர்ந்த வெங்கடம்மா. கன்னடம் மட்டும். கூட யாரும் இல்லை. மருமகள் சேர்த்துவிட்டுப் போனவள்தான், வரவில்லை. நெற்றியில் அழியாத குங்குமம்.

பதினோரு மணிக்கு அம்மா கையைப் பிடித்தாள். "ஞாயித்துக்கெழம. ஜெபம் பண்ணுடி."

"எனக்குத் தெரியாதும்மா. நான் மாத்திச் சொல்றவ மட்டும்தான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள், முனகலாக. வெங்கடம்மா தலையைத் திருப்பி, "ஏனு ஹேள்தாரம்மா?" என்றாள். என்ன சொல்கிறார்கள் என்று.

"அவங்களுக்கும் சொல்லு," என்றாள் அம்மா.

அம்மா ஒரு வரி. நான் ஒரு வரி. மாஸ்க்குக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது.

அப்பா பிதாவே, காலைலேர்ந்து பைப்புல தண்ணி வரல, வர வை. சொன்னேன். இந்த அம்மாவோட மருமவளுக்குப் பஸ் கெடைக்கட்டும். சொன்னேன். நேசமணி பாவம், வாய் நீளம், மத்தபடி நல்லவன், அவன ஒண்ணும் பண்ணிடாத. சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எம் பொண்ணு தூங்கி எத்தினி வருசமாச்சி, அவளுக்குத் தூக்கம் குடு.

விதி விதிதான். 'நான்' என்றே சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தூக்கம் கொடு - நானே சொன்னேன், என் வாயால், என்னைப் பற்றி.

அதற்கு மேல் அம்மாவுக்கு மூச்சு இல்லை. கண் மூடிவிட்டாள். செத்துவிட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. அயர்ந்துவிட்டாள்.

வெங்கடம்மா கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்து, அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். முடிந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆமென் என்று ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை.

வேறு ஒன்று வந்தது. கன்னடத்தில்: "நீ இருக்கிறாயா, தெரியவில்லை. இருந்தால் இங்கே வந்து உட்கார். ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்."

யாரும் தமிழில் சொல்லாத வரி. எதிலிருந்து மாற்றினேன்?

பிறகு வார்டு அப்படியே இருந்தது. டெட்டால் வாசனை, தேய்ந்த மின்விசிறி, யாரோ இருமுவது. எல்லாம் அதேதான். நான்தான் சண்டை போடவில்லை. பத்து வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ கையிலிருந்து நழுவி, உடையாமல் கீழே போய்ச் சேர்ந்தது. உட்காரச் சொன்னவர் உட்கார்ந்திருந்தார் என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

பைப்பில் தண்ணீர் வரவில்லை. அதையும் எழுத வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தேடிப் பார்த்தேன், கிடைத்தது. பெயர் வைத்த பிறகும் அது போகவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

பழைய மருந்துக்கே கட்டுப்படுகிறது. முதலிலிருந்து ஆறு மாதம். அம்மா வீட்டுக்கு வந்தாள். மாத்திரையை என் முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டுகிறாள்.

"பாத்தியா? போலீஸ்காரி."

அப்பாவுக்காக நான் கேட்டேன், கிடைக்கவில்லை. இவளுக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. நேராகாமலே ஆண்டவரிடம் பேச முடிகிறது. திட்டித்தான் பேசுகிறேன். முன்பு முதுகுக்குப் பின்னால் திட்டினேன், இப்போது முகத்துக்கு நேரே.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜெப வீட்டுக்குப் போனேன். யாருடைய பொருத்தனைக்காகவும் இல்லை. அதே ஆஸ்பெஸ்டாஸ், அதே காதைக் கிழிக்கும் கீபோர்டு. ஞானஸ்நானத் தொட்டியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டவருக்கு ரசனை கிடையாது. அல்லது பொறுமை ஜாஸ்தி.

ஒரு அம்மா சர்க்கரை போய்விட்டது என்று சாட்சி சொன்னார். பாஸ்டருக்குச் சூடு ஏறியது. "சாட்சி சொன்ன வாயால இனிமே இன்சுலின்னு..."

மைக்கில் தமிழிலேயே சொன்னேன். "இத நான் சொல்ல மாட்டேன், பாஸ்டர்."

கீபோர்டு நின்றது. தவறாக மாற்றிச் சொல்வது எத்தனை சுலபம். மாட்டேன் என்று சொல்ல மைக்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த முறை கிண்டல் இல்லை, அதனால் இருக்கலாம்.

பாயிலிருந்து அம்மாவின் குரல், மாஸ்க்குக்குள்ளிருந்து. "அவ சொல்றது சரிதான் பாஸ்டர். நான் மாத்திர போட்டுகினுதான் இங்க குந்திகினு கீறேன். இதையும் சாட்சில சேத்துக்கோங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். பாஸ்டர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஊசி போட்டுக்கோங்கமா. டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. ஸ்தோத்திரம்."

அவர் சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன். திருந்திவிட்டார் என்று எழுத மாட்டேன். பயந்தார். அதுவும் ஒரு ஆரம்பம்தான், எனக்கும் அப்படித்தானே.

அக்டோபர் 28, திங்கள்

ரயிலில் அதே நான்கு பைகள். அந்த அக்கா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். "உக்காருமா. மோசே இன்னைக்கு லீவு."

ஜெபிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அவர்கள் கத்தி ஜெபித்தார்கள், வழக்கம்போல ராகம் தப்பி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உட்கார் என்றேன், கன்னடத்தில், சத்தமில்லாமல்.

யாரோ தோளைத் தட்டினார்கள். "எழுந்திருமா, வைட்ஃபீல்டு வந்துடுச்சி."

பங்காருபேட்டை வந்ததே தெரியவில்லை.