மேல் வீட்டுக்குப் போதாத பாயிண்டு

அக்கா,

பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. ரிசார்ட்டில் குளியலறையில் தினமும் வைப்பார்களே, காகிதம் சுற்றிய பிஸ்கட் அளவு சோப்பு, அதன் வாசனை. நீ அதை ஒருநாளும் பிரித்ததில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பெட்டிக்குள் போடுவாய். "கட்டணம் கட்டியாச்சிடி, இது நம்மளுது" என்பாய். பழக்கத்தில் நானும் இந்தத் தடவை போட்டிருக்கிறேன். துணியெல்லாம் அதே வாசனை. அப்படியே மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன், திரும்பினேன், மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நேரம் உட்காருவேனோ. "ஒரு எடத்துல குந்த மாட்டியாடி நீ?" என்று கேட்க இந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

ஏற்காட்டுக்குப் போய்விட்டு நேற்று வந்தேன். தனியாக. நீ இல்லாத முதல் சித்திரை இது. என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லாவிட்டால் நான் போய்விட்டு வந்ததாகவே ஆகாது.

நாம் அந்த ரிசார்ட் திட்டத்தில் சேர்ந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். புதுச்சேரியில் துணி எடுக்கப் போன இடத்தில் யாரோ நீட்டிய சீட்டில் பெயர் எழுதிப் போட்டோம். மறுவாரமே போன். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, தம்பதியா வந்து வாங்கிக்குங்க." கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நம் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேரும், நம்மைக் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டலுக்கு வந்தார்கள். பரிசைப் பார்த்தால் குக்கர். "வில்லியனூர்ல பாத்திரக் கட வச்சிருக்கறவனுக்கு குக்கரா? இன்னாடா கொடும இது" என்று உன் வீட்டுக்காரர் அங்கேயே சத்தமாகச் சிரித்தார். டை கட்டிய பையன் விடவில்லை. ஒருமுறை பணம் கட்டினால் வருஷா வருஷம் நம் கணக்கில் பாயிண்டு விழும், அந்தப் பாயிண்டைக் கொடுத்து மலையிலே அறை எடுத்துத் தங்கலாம் என்று படம் படமாகக் காட்டினான். ஆண்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். நீ எழவில்லை. நகைச் சீட்டு முடிந்து வளையல் எடுக்க வைத்திருந்த பணம் இருக்கிறது என்றாய். "வளையல் போட்டுக்கினு அடுப்படிலதானே நிக்கப் போறேன்?" என்று நீ கேட்டதும் உன் வீட்டுக்காரர், என் மாமா, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுப்படி என்றால் சும்மாவா. நம் வீட்டு ஆட்கள் போதாதென்று கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு வேளைச் சாப்பாடு நம் இருவர் கையில்தான். ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நமக்கு அதற்கும் நேரமில்லை. பெரிய மருமகள் என்று நானும் உன்னை வீட்டில் "நீங்க" என்றுதான் சொல்வேன். முதல் வருஷம் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லி நீ வாந்தி எடுத்தாய். உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் வாயில் "இன்னாக்கா, நீ தண்ணி குடி" என்று வந்துவிட்டது. அந்த நிலையிலும் நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட "நீ" இது.

ஆண்கள் இரண்டு நாளில் கடையை நினைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மீதி நாளெல்லாம் நாமும் பிள்ளைகளும்தான். முட்டையே ஏறாத நம் வீட்டின் பெரிய மருமகள், ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் தின்றுவிட்டு, பச்சை மிளகாய் உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வூட்டுல போயி வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று என்னை மிரட்டினாளே, அதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? விளையாட்டு அறையில் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு கல்லூரிப் பையன்களோடு டேபிள் டென்னிஸ் ஆடி ஜெயித்தாய். எங்கே கற்றாய் என்று கேட்டால், "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு காலம் இருந்துச்சிடி" என்றாய்.

நமக்குக் கிடைப்பது எப்போதும் கீழ் வரிசை அறைதான். நம் பாயிண்டுக்கு அவ்வளவுதான். மேட்டில் தனியாக நிற்கும் பெரிய வீட்டை, சாயங்காலம் நடக்கிற சாக்கில் வேலியோரம் போய் எட்டிப் பார்ப்போம். "ஒரு தபாவாவது அதுல தங்கணும்டி. மேலேர்ந்து பாத்தா ஏரி எப்டித் தெரியும்?" என்பாய். போன வருஷம் மே மாதம் நாம் மலையில் இல்லை, அரியூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. "பாயிண்டு வீணாப் பூடுமாடி?" என்று கேட்டாய். "வீணாவாதுக்கா, அடுத்த வருஷத்தோட சேந்துக்கும்" என்றேன். "அப்ப அடுத்த வருஷம் மேல் வூடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். ஆடி பிறந்ததும் போய்விட்டாய்.

அப்புறம்தான் போன்கள் ஆரம்பித்தன. மாமா அந்தக் கணக்கை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ரிசார்ட்டிலிருந்து ரேவதி என்று ஒரு பெண் தினமும் கூப்பிட்டாள். "மேடம், உங்ககிட்ட பழைய பாயிண்டும் சேர்ந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வாங்கிட்டீங்கன்னா வருஷா வருஷம் பெரிய வீடே கிடைக்கும். இந்த மாசத்தோட ஆஃபர் முடியுது." பெரிய வீடு என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் வந்தது. உன் ஆசை, அதை நான் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இருக்கற பாயிண்டுக்கே போவ ஆள் இல்ல. இதுல இன்னும் வாங்கி இன்னா பண்ணப் போற?" அது நியாயம் என்று தெரியும். தெரிந்தும் அடுப்பில் வைத்ததை மறந்தேன், குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும்தானா அது? வாங்காவிட்டால் நீ நிஜமாகவே போய்விடுவாய் என்பது போல ஒரு தவிப்பு.

ஒருநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து மாமாவிடம் கேட்டேன். நீ போனதிலிருந்து அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

"அக்காவுக்கு அந்த எடம்னா உசுரு. மேல் வீட்டுக்குப் பாயிண்டு வாங்கலாமா மாமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உசுரா? அவளுக்கு மலையே ஆவாதும்மா. கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வயித்தக் கலக்க ஆரம்பிச்சிடும். ஏண்டி இப்டிக் கஷ்டப்பட்டுப் போறேன்னு கேட்டா, சின்னவளுக்கு ஒரு எடத்துல இருக்கப் புடிக்கல, வருஷத்துக்கு ஒரு தபா வெளிய இட்டுக்கினு போவலன்னா அவ மனசு ஒடஞ்சிடுவான்னு சொல்லுவா."

"மாமா, அவங்களுக்காகத்தான் நான் போனேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வூட்ட விட்டு நவுராத மனுஷியாச்சே, நான் கூப்புடலன்னா எங்கயும் போவ மாட்டாங்களேன்னு..."

மாமா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தினி வருஷமா ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கினு போயிருக்கீங்க. அந்த எடம் யாருக்குத்தாம்மா வேணும்?"

அந்தக் கேள்வியோடு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறேன் என்று ரேவதியிடம் சொல்லி, இருக்கிற பாயிண்டில் கீழ் அறையைப் போட்டேன். முகூர்த்த சீசன், ஆண்கள் கடையை விட்டு நகர முடியாது. என் வீட்டுக்காரர் குதித்தார். "தனியாவா? வருஷம் திரும்பல, மலை ஏறக் கூடாதுன்னு தெரியாதா?" மாமாதான் அடக்கினார். "அது சாமி மலைக்குடா. இது சும்மா மல. போவட்டும்."

விழுப்புரத்தில் பஸ் மாறி, சேலத்தில் மாறி, மலை ஏறினேன். பக்கத்து சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி தூங்கி என் தோளில் சாய்ந்தாள். நெற்றியைப் பிடிக்க யாருமில்லாமல் என் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

போனில் பேசிய ரேவதி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், குரலைவிடச் சின்னவள். மறுநாள் காலையில் மேல் வீட்டைக் காட்டக் கூட்டிப் போனாள். தங்கியிருந்த குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தோம். அழகுதான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். அகலமான கூடம், இரண்டு படுக்கையறை, முன்னால் நீளமான பால்கனி. பால்கனியில் ஆண்களும் பிள்ளைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "இதான் மேடம் ஸ்பெஷலே" என்று ரேவதி ஒரு கதவைத் தள்ளினாள். "ஃபுல் கிச்சன்."

உள்ளே என் வயது இருக்கும், ஓர் அம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குக்கர். தொட்டியில் காலைப் பாத்திரம் குவிந்து கிடந்தது. பால்கனியிலிருந்து "டீ என்னாச்சு?" என்று ஒரு குரல்.

"வூடு நல்லா இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

"வீடு நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள், நாமக்கல் பக்கத்துப் பேச்சு. "சமையக்கட்டு இருக்கறப்ப எதுக்குக் காசு குடுத்து வெளிய திங்கோணும்ங்கறாங்க. வந்ததுல இருந்து இங்கதான் நிக்கறனுங்க. ஏரியக்கூட இன்னும் பாக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரேவதி பயந்துபோய்ப் பார்த்தாள். அக்கா, கூடுதல் பாயிண்டு போட்டால் அடுப்பு வருகிறது! அதற்குத்தான் அத்தனை வருஷம் வேலியோரம் நின்று ஏங்கினோம். அந்த வீட்டில் நாம் தங்கியிருந்தால் ஆண்கள் கடைசி நாள் வரை இறங்கியிருக்க மாட்டார்கள். நீ வெங்காயம் நறுக்கியிருப்பாய், நான் பாத்திரம் கழுவியிருப்பேன். ஆம்லெட்டும் இல்லை, டேபிள் டென்னிஸும் இல்லை.

என்ன தோன்றியதோ, நானே அடுப்பை அணைத்தேன். "ரெண்டு நிமிஷம் வாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஆண்கள் ஒன்றும் புரியாமல் எழுந்து வழிவிட்டார்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவள் பார்த்தாள். "அட" என்றாள். டீ கேட்டவர்கூட அதற்குமேல் கேட்கவில்லை. மேலேயிருந்து ஏரி சின்னதாகத்தான் தெரிகிறது அக்கா. படகில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

இறங்கும்போது ரேவதியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது. இந்த மாதம் அவளுக்கு ஒரு வியாபாரமும் அமையவில்லையாம். பாவமாக இருந்தது, ஒரு நிமிஷம் மனசு மாறக்கூடப் பார்த்தது. மாறவில்லை.

வேண்டாம் என்று சொன்னால் நிம்மதி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன், மறுபடி நடந்தேன். ரோஜாத் தோட்டத்தில் பாதியில் திரும்பினேன். விளையாட்டு அறை வாசல்வரை போனேன், உள்ளே யாரோ பந்தடிக்கும் சத்தம் கேட்டது, போகவில்லை. கடைசி ஒரு நாளை மிச்சம் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். என் வீட்டுக்காரர் "இன்னா, வாங்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சி" என்றார். மாமா மட்டும் "ஏரி எப்டிம்மா இருக்கு?" என்றார்.

இன்று காலை நானே ரேவதியைக் கூப்பிட்டேன். அடுத்த மே மாதத்துக்குக் கீழ் வரிசையில் ஓர் அறை போடச் சொன்னேன்.

"எத்தனை பேர் மேடம்?"

"ரெண்டு."

"இன்னொருத்தங்க பேரு?"

இப்போதெல்லாம் உன் இடத்தில் அடுப்படியில் நிற்பது உன் மருமகள்தான்; கடை ஆட்களுக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். கேட்டால், "இல்ல சின்னத்த, வூட்ல வேல இருக்கு" என்றுதான் சொல்வாள். "அப்பறம் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இப்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, எனக்காக வா என்பதா? உனக்காகத்தாண்டி போகிறோம் என்பதா? முதல் வருஷம் நீ என்னிடம் இதில் எதைச் சொல்லிக் கிளப்பினாய் என்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன் அக்கா. நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது.