தலைமாட்டுக் கற்கள்

மாசி 4, திங்கள்

காலையில் நல்ல பனி. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு ஒரு கம்பெனி பஸ்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான். கண் ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் மகள் வீட்டில். கறுப்புக் கண்ணாடி. சொட்டு மருந்து நாலு வேளை. டாக்டர் சொன்னது: ஒரு மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசு படக் கூடாது. குனியாமல் எப்படிக் குழி வெட்டுவது என்று கேட்டேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இந்தப் போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழும் என்று மருமகன் காட்டினான். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியாது. விழட்டும். இன்றைக்குப் பேசாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

வந்ததும் இடுகாட்டுக்குப் போனேன். கருவேல முள் ஒன்று கூட இல்லை. மேடெல்லாம் ஜேசிபி வைத்துத் தட்டி, கிரிக்கெட் ஆடலாம் போல. நடுவே செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செடி, செடிக்கு ஒரு பெயர் அட்டை. பாதை ஓரம் முழுக்க வெள்ளைக் கல் வரிசை. சுண்ணாம்பு இல்லை, பெயிண்ட்.

வாசலில் பேனர். டீக்கடை கண்ணன் படித்துச் சொன்னான். மாணவர் தலைமைப் பண்பு வளர்ப்பு முகாம், ஏழு நாள், ஏதோ காலேஜ். கூடவே, "பெர்சு, உன் ஏரியாவ பார்க் ஆக்கிட்டாங்கோ. இனிமே படுக்கறதுக்கு டிக்கெட்டு." சிரித்தேன் நானும்.

பிறகுதான் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று. பக்கத்தில் ஒன்று. எல்லாமே தலைமாட்டுக் கற்கள். ஒவ்வொரு குழியையும் மூடி, தலைப்பக்கம் நான் என் கையால் ஊன்றியவை. நூற்றுக்கு மேல். ஒன்றில் கூட பெயர் கிடையாது. எங்களூரில் பெயர் வெட்டுகிற வழக்கம் இல்லை. எது யாருடையது என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

பிடுங்கி அடுக்கிவிட்டார்கள்.

மாசி 5, செவ்வாய்

பனி இல்லை. வெயில் ஏழு மணிக்கே.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேதான் பிள்ளைகள் தங்கல். ஐம்பது பேர், ஆரஞ்சுத் தொப்பி. வட்டமாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சார் ஒருவர், நடு வயது, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தலைவன்னா யாரு? முடிவு எடுக்கறவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

இடுகாட்டு வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து வந்தது. பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம். சட்டையில் "லீடர்" என்று வில்லை குத்தியிருக்கிறது, பக்கத்திலிருந்தவன் சொன்னான்.

"கல்ல யாரு எடுக்கச் சொன்னது?"

"நாந்தான் தாத்தா. சும்மா செதறிக் கெடந்துச்சு. பாதைக்கு வச்சா அழகா இருக்கும்னு."

"யாரையாச்சும் கேட்டியா?"

"வார்டு மெம்பர்ட்ட கேட்டேம்லா. கல்லுதானம்மா, எடுத்துக்கோங்கன்னாங்க."

மெம்பர் மனை வாங்கிக் குடிவந்து நாலு வருஷம். அவர் வீட்டில் இன்னும் ஒரு சாவு விழவில்லை. அவருக்கு என்ன தெரியும்.

நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் முகம் முதலில் புரியாமல், பிறகு புரிந்து. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. "எங்கூர்ல சிமிண்டு கட்டி பேரு எழுதிருவாங்க தாத்தா" என்றது.

சார் குறுக்கே வந்தார். "தெரியாம நடந்துடுச்சி தாத்தா. வெள்ளிக்கிழமை நிறைவு விழா, பெரிய ஆளுங்கள்லாம் வராங்க. அது வரைக்கும் ஊர்ல பரப்ப வேணாம்."

வெள்ளிக்கிழமை. அதுதான் என் கவலையும். வள்ளி வருவாள்.

வள்ளி கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். புருஷன் இல்லை. ஒரே மகன் பிரகாஷ், போன ஐப்பசியில் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரி. கல்யாணம் ஆகாத பையன். இங்கேதான் புதைத்தோம். வெள்ளி தவறாமல் வேலைக்குப் போகும் முன் வந்து அவன் கல்லடியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மற்ற வீட்டார் தை மாதம், அமாவாசை என்று எப்போதாவது. இவளுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

சொட்டு மருந்து மதியம் மறந்துவிட்டேன்.

மாசி 6, புதன்

அந்தப் பெண் காலை ஆறரைக்கே என் வீட்டு வாசலில். பின்னால் நாலு பையன்கள், மூங்கில் குச்சிக் கட்டோடு.

"நீங்க எடத்தச் சொல்லுங்க தாத்தா. நாங்க குச்சி நடுதோம்."

திட்டலாம் என்றுதான் இருந்தேன். போனேன்.

நல்ல வேளை, ஒற்றைப் பனையை விட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து அடி வைத்தேன்.

ஏரிப் பக்கம் ஒன்பது தப்படி, துலுக்காணம். மாடு முட்டி.

அதற்கு இடது கை மூன்று, பச்சையம்மா. பிரசவத்தில். குழந்தையும் அதே குழியில்.

பதினாலில் தச்சு வேலை கோவிந்தன். தூக்கி வந்தபோது மழை, பாடை சறுக்கியது.

பதினேழில் என் பெண்சாதி. 

அந்த இடத்தில் பையன்கள் குச்சியை அடிக்காமல் கையால் அமுக்கி நட்டார்கள்.

ஒருவன் மெதுவாகக் கேட்டான், "தாத்தா மண்டைல எத்தன ஜிபிடா?" இன்னொருவன் அவனை இடித்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் வரை அறுபத்து மூன்று. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டது.

பொழுது சாயும்போது கடைசியாக வடமேற்கு மூலை. அங்கே போனதும் நின்றுவிட்டேன்.

ஐப்பசி மழையில் மற்ற இடமெல்லாம் தண்ணீர். மேடான மூலை என்று அங்கே ஒரே வாரத்தில் இரண்டு குழி. முதலில் ஒரு வடநாட்டுப் பையன், கட்டட வேலை, சாரத்திலிருந்து விழுந்தவன், உறவு யாரும் வரவில்லை. நாலாம் நாள் பிரகாஷ். இரண்டுக்கும் நடுவே மூன்று முழம். அடையாளம் ஒரு கருவேலத் தூரும் உடைந்த சிமெண்டுக் குழாயும். இரண்டையும் ஜேசிபி அள்ளிவிட்டது. மண்ணையும் ஓர் அடி வழித்திருக்கிறது.

பனையிலிருந்து அடி வைத்தேன். ஓர் இடம் வந்தது. வேலிக் கம்பத்திலிருந்து வைத்தேன். வேறு இடம். மறுபடி பனை. முதல் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது.

"தாத்தா?"

"இரு."

ஆறு முறை. மண் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம், இரண்டு படுக்கை கிடப்பது தெரிகிறது. அதில் எது எவன் என்று சொல்ல முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டி எத்தனையோ மறந்திருக்கலாம், இந்த மண்ணில் ஒன்றையும் மறந்ததில்லை என்று இருந்தேன்.

மாசி 7, வியாழன்

கண்ணில் உறுத்தல். ராத்திரி முழுக்க அந்த மூலையே.

விடியும்போது ஒன்று ஞாபகம் வந்தது. பிரகாஷ் குழியைப் பாதி மூடியதும் நாய் தோண்டாமல் இருக்க முள் ஒரு கட்டுப் போட்டு மிதித்தேன். மற்றவனுக்குப் போடவில்லை. போலீஸ்காரர் அவசரப்படுத்தினார். அப்படியென்றால் இரண்டடி தோண்டினால் தெரிந்துவிடும். உடம்பு வரை போக வேண்டாம்.

இசக்கியிடம் சொன்னேன். மண்வெட்டி கொண்டுவந்தது. பையன்கள் தயங்கினார்கள். அது தயங்கவில்லை. நாலு வெட்டு வெட்டியிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை, வாங்கி நான் குனிந்தேன். அதற்குள் சார் ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க? உத்தரவு இல்லாம பொதகுழியத் தோண்டினா கேஸு. அம்பது பிள்ளைங்க வாழ்க்கை. இசக்கி, மண்ண மூடு."

அவர் சொல்வதும் நிஜம். அந்தப் பெண் மூடியது.

என்னைத் தனியே கூட்டிப்போனார். "ரெண்டுல ஒன்ன காமிச்சிடுங்க தாத்தா. ஒரு கல்ல ஊனிடலாம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போவுது? மனசு நிம்மதியா இருக்கும்."

சரி என்றேன். 

வரிசையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, டர்பண்டைன் போட்டு பெயிண்டைத் தேய்த்து, வலது பக்கத்தில் ஊன்றினார்கள். எல்லாக் கல்லையும் போலத்தான் இருந்தது.

இசக்கி கேட்டது, "ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமா தாத்தா?"

"உன் வேலையப் பாரு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மாசி 8, வெள்ளி

வெயில். காற்று இல்லை.

காலை பத்துக்கு விருந்தாளிகள் நாலு கார். இடுகாட்டைச் சுற்றிக் காட்டினார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் படம். பிள்ளைகள் வரிசையாக. அந்த நேரம் பார்த்து வள்ளி. கேண்டீன் நீலச் சட்டை, கையில் பை.

வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் போய்க் கூட்டிவந்தேன்.

"இன்னா மாமா இது? எங்க அவன்?"

"சுத்தம் பண்ணிருக்காங்கம்மா. இதோ, இதான்."

கை நீட்டினேன். என் கைதான். அவள் கல்லைப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கில் டீ, காகிதத்தில் சுற்றிய பன். தொழிற்சாலை இடைவேளையில் அவன் சாப்பிட்டது அதுதானாம்.

"யம்மா, அதத் தொறக்காதீங்க."

இசக்கி. வரிசையை விட்டு வெளியே வந்திருந்தது.

சார், "இசக்கி, அப்புறம் பேசிக்கலாம்."

"இல்ல சார். யம்மா, கல்லப் பிடுங்கினது நாந்தான். எல்லாத்தையும் நாந்தான் எடுக்கச் சொன்னேன். ஒங்க மகன் இங்கயா, அந்தப் பக்கமான்னு தாத்தாவுக்கும் உறுதியாத் தெரியாது. ரெண்டுல ஒண்ணு."

விருந்தாளி ஒருவர் போனை இறக்கினார். வள்ளி என்னைப் பார்த்தாள்.

"நீதானே மாமா அவன எறக்குன?"

"ஆமா."

"அப்ப எது?"

நான் இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் எழுந்து அந்தப் பெண்ணின் சட்டையைப் பிடித்தாள். வில்லை அறுந்து விழுந்தது.

"உனக்குத் தம்பி கீறானா?"

"இருக்கான்."

"அவன இந்த மாரி தொலச்சிட்டு வந்து எங்கிட்ட சொல்லுடி. பார்க்கு கட்டினீங்களா பார்க்கு? எம் புள்ள மேல நடந்து போட்டா புடிச்சிங்களா?"

யாரும் விலக்கவில்லை. இசக்கி கையைத் தட்டிவிடவும் இல்லை, அழவும் இல்லை. அவள் விட்ட பிறகு சொன்னது: "மனு எழுதி உத்தரவு வாங்கித் தோண்டிப் பாத்துரலாம்மா. ரெண்டடி போதும். எத்தன நாள் ஆனாலும் நான் கூட வாரேன்."

வள்ளி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். ரோட்டில் லாரி போகிற சத்தம்.

"லாரி ஒரு வாட்டி. ஆஸ்பத்திரில அறுத்தது ஒரு வாட்டி. இன்னொரு வாட்டி அவன கிளறணுமா? வேணா."

பிளாஸ்க்கைத் திறந்தாள். கல் ஊன்றிய இடத்தில் பாதி ஊற்றினாள். எழுந்து மூன்று முழம் தள்ளிப் போய் மீதியை ஊற்றினாள். பன்னைப் பிய்த்து இங்கே பாதி, அங்கே பாதி.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கூடப் படுத்துங்கீறவன் பேரு இன்னா மாமா?"

இசக்கி நோட்டைப் பிரித்து, பேனாவோடு என்னைப் பார்த்தது.

அவனை இறக்கிய அன்றைக்கு நான் கேட்கவில்லை.