கோட்டைக்குப்பத்தில் ஒன்பது காலிப் பெட்டி

8-11-83, செவ்வாய்

விடாத மழை. பொன்னேரி ரோட்டில் தண்ணீர். மீன் லாரி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதுவரை இறால் முழுக்க எங்கள் மீனவர் சங்கத்து ஐஸ் பெட்டிகளில்தான். ஒவ்வொரு குப்பத்துக் கொட்டகையிலும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து வரச் செயலாளர் உத்தரவு. குமாஸ்தா எனக்கு நாலு கால் என்று நினைப்பு.

பழவேற்காடு: நிறைந்துவிட்டது.
லைட்ஹவுஸ் குப்பம்: ஒன்று காலி. மூடி உடைசல்.
கோட்டைக்குப்பம்: ஒன்பது காலி. ஐஸும் உண்டு. கை விட்டே பார்த்தேன்.

திரும்பும்போது மல்லிகா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். புதுத்தண்ணீரில் இறால் குவிந்திருக்கிறதாம்; பிடித்தால் வைக்க இடமுண்டா என்று கேட்டாள். ஒன்பது பெட்டி என்றேன், ஏதோ என் வீட்டுப் பெட்டி மாதிரி. செருப்பு அறுந்தது.

9-11, புதன்

காலை ஆறிலிருந்து பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில், கூடையைப் பல்லில் கடித்தபடி. மதியத்துக்குள் பதினாலு கூடை. மல்லிகாவோடு நானும் கோட்டைக்குப்பம் போனேன். கொட்டகை வாசலில் குப்பத்துத் தலைவர்.

"காலிதான் பாய். நாளைக்கு ஏரியில பாடு யாருது? கீழத்தெருக்காரங்களுது. இது அவங்க பெட்டி."

ஏரியில் வலை போடத் தெருவுக்கு ஒரு நாள் முறை; அதுதான் பாடு. குப்பத்துப் பெட்டியெல்லாம் முதல் நாளே முறைக்காரர்களுக்கு ஒதுக்கியாகிவிடும். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் அடுத்தவர் தொடக்கூடாது. எட்டு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், இது தெரியாதா? தெரியும். எண்ணும்போது நினைவுக்கு வரவில்லை. முட்டாள்.

கெஞ்சினேன். தலைவர் கீழத்தெருவுக்கு ஆள் அனுப்பினார். முடியாதாம். போன வருஷம் விட்டுக்கொடுத்துத் தங்கள் இறாலை மண்ணில் கொட்டினார்களாம். அவர்கள் மேலும் தப்பில்லை. மல்லிகா ஈரச் சாக்கால் கூடைகளை மூடினாள். நாலு மணிக்கு இறால் தலை கறுக்கத் தொடங்கியது. தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தொழவும் இல்லை. பயந்து ஓடி வந்தேன், அவ்வளவுதான்.

10-11, வியாழன்

தூறல். லாரி சனிக்கிழமைதானாம். பதினாலு கூடையும் நாறி, கொட்டியாகிவிட்டது. கீழத்தெருக்காரர்களுக்கு இன்று வலையில் விழுந்தது இரண்டு பெட்டிக்கு. ஏழு பெட்டி இன்னும் காலி.

சாயங்காலம் மல்லிகா ஆபீசுக்கே வந்துவிட்டாள். திட்டட்டும் என்று எழுந்து நின்றேன். அவள் விரலெல்லாம் ஊறி வெளுத்து, கீறல் கீறலாக. நாளைக்கும் இறங்கத்தான் வேண்டுமாம். வீட்டில் அடுப்பு எரியவில்லையாம்.

"பெட்டி காலியா இருக்குதான்னு பாக்காத பாய். யாருதுன்னு கேட்டுக்கினு வா. நீ வந்து சொல்ற வரிக்கும் கரையிலயே நிக்கிறோம்."

நாளைய பாடு யாருடையது? எனக்குத் தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.