படகுக் கண்காட்சிக்குப் போவானேன்?

நவ. 13, வியாழன்

விடியலிலிருந்து தூறல். பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைட் மண்மேடு பாதிக்கு மேல் தெரியவில்லை.

செய்ய: ஸ்கூட்டர் பிரேக். கேஸ் புக்கிங். இரண்டாம் ஆண்டு பிசிக்ஸ் விடைத்தாள் (தொடவே இல்லை).

காலேஜ் வராண்டாவில் புது பிரின்சிபால் நிறுத்தினார். என்னிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். "சார், நீங்க கொஞ்சம் பாசிட்டிவா இருக்கலாம்." இருக்கலாம். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் பாசிட்டிவாக இருக்கலாம்.

மாலை, மனைவி கனகா கரண்டியும் கையுமாக வந்தாள்.

"தனா அண்ணன் போன் பண்ணாரு."

"யார் தனா?"

"இன்னா யாரு? ஞாயித்துக்கிழமையானா ஏரிக்கரையில அந்தக் கோடியில உக்காந்துக்கினு இருக்கறாரே, அவருதான். பாக்காத மாதிரி பாத்துக்கினுதானே இருக்கீங்க."

தனசேகர். மாரிகுப்பத்தில் ஒரே லைன் வீடுகள், ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவன் ஃபேக்டரியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஆனான், நான் எம்.எஸ்ஸி. படித்து வாத்தியார் ஆனேன். மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, வாசல்படி மிதிக்கவில்லை. அதே வாரம் தன் மேனேஜர் வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டியாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்திருக்கிறான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. (கனகா போனாள். அது என் கணக்கு அல்ல.) அதிலிருந்து பேச்சில்லை. பேத்தமங்களா ஏரியில் இருவரும் தூண்டில் போடுகிறோம். அவன் மதகுப் பக்கம், நான் மறு கோடி. நடுவில் கரை முழுவதும்.

விஷயம் இதுதான்: ஞாயிறன்று பெங்களூரில் படகு, மீன்பிடிக் கண்காட்சியாம். நான் கூட வர வேண்டுமாம்.

முடியாது. போன் பண்ணுவதும் வாட்ஸ்அப் மாதிரிதான்.

நவ. 14, வெள்ளி

மழை விட்டது. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் கடை. பிரேக் மாற்றும்வரை ஸ்டூலில் காத்திருப்பு. தனா எதிரே வந்து நின்றான். இளைத்திருக்கிறான். தலைமுடிக்குச் சாயம், மீசைக்கு இல்லை.

"டேய்."

"இன்னா?"

"விஆர்எஸ் வாங்கிட்டேன்."

"கேள்விப்பட்டேன்."

"போட் வாங்கப் போறேன்டா. மோட்டார் போட். ஏரியில விட்டா ஞாயித்துக்கிழமை ஜனம் வரும். டிக்கெட் போட்டு ஒரு ரவுண்டு."

"வாங்கு. எனக்கு இன்னாத்துக்கு சொல்ற?"

பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மருமவன் சூப்பர்ன்றான். மச்சான் சூப்பர்ன்றான். பேங்க்காரனும் சூப்பர்ன்றான். எல்லாரும் சூப்பர்னு சொன்னா பயமா கீதுடா. உலகத்துல நீ ஒருத்தன்தான் எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்ட. வந்து பாத்துட்டு சொல்லு."

மெக்கானிக் சிரித்தான். சிரிக்கட்டும்.

"மொத்த செட்டில்மென்ட்டும் இதுலதான்டா போவுது," என்றான் தனா, குரலை இறக்கி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. இது அவமானமா, மரியாதையா? இந்தக் குணத்துக்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு, ஒதுக்கியவர்கள் உண்டு. அதே குணத்தை ஒரு வேலைக்குக் கூப்பிட்டவன் இவன்தான்.

போகிறேன். அவனுக்காக அல்ல. ஓர் ஊரே சேர்ந்து சூப்பர் என்கிறபோது இல்லை என்று சொல்ல ஆள் வேண்டும்.

நவ. 16, ஞாயிறு

காலை ரயிலில் எழுதுவது. குளிர். ஜன்னல் இறங்கவில்லை. பங்காருப்பேட்டை தாண்டியாயிற்று. தனா டிபன் பாக்ஸைத் திறந்தான், லெமன் சாதம். எனக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள் அவன் மனைவி. சாப்பிட்டேன். சாப்பாட்டோடு பகை இல்லை.

அவனேதான் ஆரம்பித்தான்: "பத்திரிகை விஷயம் இன்னும் மனசுல வெச்சிக்கினு கீறியா?"

"ஆமா."

"உன்னை நம்ம ஆளுன்னு நெனச்சேன்டா. மேனேஜருக்குத்தான் தட்டு தூக்கினு போவணும். நமக்கு நாமே குங்குமம் குடுத்துக்கறதா?"

"குடுக்கணும்."

"சரியான பிடிவாதம் புடிச்சவன்டா நீ."

பத்திரிகை விஷயத்துக்கு நல்ல பதில்தான். ஏற்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. தள்ளி வைத்திருக்கிறேன்.

நவ. 17, திங்கள்

வெயில். காலேஜுக்கு லீவு போட்டேன். கால் வலி. நேற்றைய சமாசாரத்தை ஆறவிட்டு எழுதுகிறேன்.

அவ்வளவு பெரிய ஹால். உள்ளே நுழைந்ததும் இரைச்சல், ஏசி, பாப்கார்ன் வாசனை. படகுகள் மேடைமேல் நீல விளக்கில் நிற்கின்றன, மணப்பெண் மாதிரி. ஹால் முழுக்கத் தேடியும் தண்ணீர் என்று கண்ணில் பட்டது பாட்டிலில் விற்றதுதான். ஒரு மூலையில் பெரிய திரை. திரைக்கு முன் வெறுங்காற்றில் தூண்டில் வீசி, திரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வேறு. மீன் இருக்குமிடம் காட்டும் கருவி ஒன்று. அதைக் கட்டியும் மீன் வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

தனா எதையும் பார்க்கவில்லை. நேரே ஓர் அலுமினியப் படகிடம் போனான். மோட்டாரைக் கேட்கவில்லை, சீட்டைத் தொடவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, அடிப்பக்கத்து இணைப்பு நெடுகக் கட்டைவிரலை ஓட்டினான்.

"வெல்டிங் பாருடா."

பார்த்தேன்.

"ஒரு எடத்துலயாவது பிசிறு கீதா சொல்லு. அலுமினியத்துல இப்பிடிப் போடறது லேசுன்னு நெனச்சியா? எங்க ஷாப்ல இந்த மாதிரி கொண்டாந்து காட்டினா நான் சாக்பீஸையே எடுக்க மாட்டேன்."

குறை உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் அவன் வேலை, காலமெல்லாம். வட்டம் போட இடமில்லாத ஒன்றை இப்போதுதான் பார்க்கிறான் போல. கண்ணில் நீரே வந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது புரிந்தது: இவன் படகு வாங்க வரவில்லை. வெல்டிங்கை வாங்குகிறான்.

விற்கும் இளைஞன் ஓடி வந்தான். கழுத்தில் அட்டை, வாயில் மூன்று மொழி. "நோடி சார், ஃபேமிலி போட்! ஆறு பேர் கம்ஃபர்ட்டா போலாம். எங்க சார் ஓட்றீங்க?"

"பேத்தமங்களா."

"அது எல்லி சார்?"

தனா வழி சொல்ல ஆரம்பித்தான். அவன் கேட்கவில்லை, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைத் தனாவின் தோளில் மாட்டி பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். "ஸ்விம்மிங் தெரியும்தானே சார், ரெண்டு பேருக்கும்?"

தனா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் அப்பாக்கள் சுரங்கக் கேஜில் ஏறிப் பூமிக்குள் இறங்கினவர்கள். மிதக்கிற வேலை எங்கள் பக்கம் யாருக்கும் வந்ததில்லை. கரையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டோம்.

"வெல்டிங் தெரியும்," என்றான் தனா.

இளைஞன் சிரித்ததைக் கண்டு எனக்கு ஆத்திரம். "இதில் சிரிக்க ஒன்றுமில்லை. உமக்கு வெல்டிங் தெரியுமா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப்போனான். புதன் வரை ஆஃபர், அதன்பின் விலை ஏறும் என்று தனாவிடம் மட்டும் சொன்னான்.

தனா பேனாவை எடுத்தான். நான் எதற்கு வந்தேனோ அதைச் செய்தேன். ஏரியில் மோட்டார் விட யாரிடம் அனுமதி கேட்டாய்? கேட்கவில்லை. கோடையில் தண்ணீர் இறங்கினால் சேற்றில் யார் இழுப்பது? தெரியாது. ஊரான் வீட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய், ஒருத்தி தவறி விழுந்தால் குதிப்பது யார்?

"வாங்காதே," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இதுக்குத்தானே கூப்ட்ட?"

ஜாக்கெட்டைக் கழற்றவே தெரியாமல் அதோடு நின்று கத்தினான். ஜனம் திரும்பிப் பார்த்தது. "உனக்கு எல்லாமே வேணாம்தான்டா! கல்யாணம் வேணாம். பிரின்சிபால் போஸ்ட் குடுக்கலைன்னா காலேஜ் வேணாம். பக்கத்துல உக்காந்து மீன் புடிக்கக்கூட ஆள் வேணாம். எதுனா ஒண்ணு வேணும்னு சொல்லிக்கீறியா நீ, என்னிக்காவது?"

இளைஞன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டதும், பேனாவும் கையுமாகப் போய்விட்டான். திரும்பும்போது ஒரே ரயில். வேறு வேறு பெட்டி.

கண்காட்சிக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் என் பதில்: வாங்கும் எண்ணத்தோடு போகாதே. வேடிக்கைக்கு என்றால் அரை நாள் போதும். செருப்பு நல்லதாக இருக்கட்டும். தூண்டில் முள், நரம்பு எல்லாம் ராபர்ட்சன்பேட்டையிலேயே கிடைக்கும். நண்பனோடு போகாதே.

கனகா: "இன்னா ஆச்சி?"

"உண்மையைச் சொன்னேன்."

"அய்யோ பாவம் அவரு."

பின்குறிப்பு: சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

நவ. 18, செவ்வாய்

மேகமூட்டம். இன்றும் லீவு. பிரின்சிபால் மெசேஜ் அனுப்பினார், பதில் போடவில்லை.

அவன் கேட்டது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "எதுனா ஒண்ணு வேணும்னு." நான் கசப்பால் சொன்னேனா, சரியாகச் சொன்னேனா? தெரிந்தாக வேண்டும். ஸ்கூட்டரில் பேத்தமங்களா. ஏரியைக் கவனிக்கும் அலுவலகம், மேசையில் ஒரே ஒருவர், உப்பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ஆகல்லா சார். குடியோ நீரு." குடிக்கும் தண்ணீர், எண்ணெய் சிந்தக் கூடாது. டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுவதும் நடக்காது.

நான் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். சந்தோஷம் படியிறங்கும்வரைகூட நிற்கவில்லை. திரும்பிப் போனேன்.

"மோட்டார் இல்லாமல்? துடுப்பு போட்ட சின்னப் படகு? நாங்கள் மட்டும்?"

ஸ்பூனைக் கீழே வைத்தார். அப்படி இதுவரை யாரும் வந்து கேட்டதில்லையாம். மீன் குத்தகைக்காரர் ஒப்புக்கொண்டு, எழுதிக் கொடுத்தால், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அங்கேயே நின்று எழுதினேன். கன்னடத்தில், பிழையில்லாமல். இரண்டு பெயர் போட்டேன். அவன் சம்மதம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சண்டை. அனுமதி மறுத்தால் மேலே எழுதுவேன், அதற்கும் மேலே எழுதுவேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

கரையில் நின்று தனாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"நாளைக்குக் காசு கட்டப் போறேன். தடுக்காத," என்றான், ஹலோ கூட இல்லாமல்.

"கட்டு. ஏரியில மோட்டார் விட்டா புடிச்சிக்குவாங்க. வீட்டு மாடியில வெச்சி வெல்டிங் பாத்துக்கினு இரு."

விஷயத்தைச் சொன்னேன். துடுப்பு, இரண்டு பேர், குத்தகைக்காரர் எல்லாம். அவன்:

"மிச்ச காசு?"

"பேங்க்ல தூங்கட்டும்."

"சின்ன படகுல வெல்டிங் அந்த மாதிரி இருக்குமாடா?"

"நீதான் பாத்து வாங்கணும். சாக்பீஸ் எடுத்துக்கினு போ."

"உன்கூட ஒரே படகுலயா? தள்ளிவுட்டா?"

"நீச்சல் கத்துக்க. நானும் கத்துக்கறேன். அதுக்கு அப்புறம்தான் படகு. அதுவரைக்கும் ஒரு பைசா கட்டாத."

"இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு வேணும்டா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் அவனுக்கு நன்றி.

நவ. 19, புதன்

காலேஜ். விடைத்தாள் பாதி முடிந்தது. ஆஃபர் இன்றோடு சரி. மாலை தனாவிடமிருந்து ஒரே வரி: "கட்டல." வாட்ஸ்அப்பில்தான். போகட்டும்.

நவ. 23, ஞாயிறு

மூடுபனி. பத்து மணிக்குத்தான் வெயில்.

பேத்தமங்களா தாண்டி ரத்னம்மாவின் கிணற்றில் நீச்சல் பாடம். தனாவின் தூரத்து உறவு, தக்காளித் தோட்டம். போன மழையில் கிணறு நிறைந்து, படிக்கட்டில் பாதி தண்ணீருக்குள். லாரி டியூப் ஒன்று, கயிறு ஒன்று. கயிற்றை ரத்னம்மா இடுப்பில் சுற்றிக்கொண்டு மேலே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு.

"மேஷ்ட்ரே, சட்டையைக் கழட்டுங்க. உள்ளே ஸ்கூல் நடக்கல!"

என்னைக் கட்டி இறக்கினார்கள். "கேஜ் மாதிரி எறக்குறாங்கடா," என்றான் தனா, படியில் நின்று பல் கிட்டிக்க. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். தண்ணீர் மூக்கில், காதில், வாயில். மிதப்பு விதியைப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் நடத்தினேன். உடம்பு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"காலை அடிங்க! மாடு மாதிரி அடிங்க! தலையைத் தூக்காதீங்க, அப்பதான் மூழ்குவீங்க!"

அடித்தேன். டியூப் விலகி நழுவிப் போனது. கயிறு மட்டும். தனா தண்ணீர் கழுத்தளவு வரும் படியில் நின்று, என் பக்கம் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். எட்டவில்லை. அவனும் படியை விடவில்லை.

"வருது, வருது," என்றாள் ரத்னம்மா. "கயித்தை விடட்டுமா மேஷ்ட்ரே?"

"வேணாம்! வேணாம்!" என்று கத்தினான் தனா.

"விடுங்க," என்றேன்.

விட்டாள்.