பெயர் வைத்தவர் நிற்கும் இடம்

நலம் பெருகுக. கடலும் கழனியும் ஒரே குடைக்கீழ் அமைந்த வெண்கரை நாட்டின் முடிதாங்கியும், துறைகள் அனைத்துக்கும் உடையவளுமாகிய அவனிநாச்சியார் எழுதுவிக்கும் ஓலை. சங்குத்துறையின் காவலரும், நம் தந்தையார் காலந்தொட்டு இவ்வரசுக்குத் தோள் கொடுத்தவரும், புயலில் சிக்கிய கலங்களை மீட்டுக் கலங்காத்தார் என்னும் பட்டம் பெற்றவருமாகிய பெருஞ்சாத்தனார் கண்டுகொள்க. உமது துறையில் கலங்கள் பழுதின்றி அணைக. உமது இல்லத்தில் விளக்கு குன்றாதிருக்க. உமது மக்கள் நீடு வாழ்க.

இவ்வாழ்த்துகளை நாம் வழக்கத்துக்காக எழுதுவிக்கவில்லை. கீழே வரும் செய்தியைப் படித்து முடித்த பிறகும் இவை உமக்கு உரியவையே என்பதை முதலிலேயே அறிந்துகொள்ளும்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் நம் மொழியமைச்சர் அணிநங்கையார். அவரை அமரச் செய்து, அவர் முன்னிலையிலேயே இதைப் படியும். இதில் உள்ளவை அவர் நம்மிடம் சொன்னவையும், சொல்லத் தயங்கி முகத்தால் உணர்த்தியவையும் ஆகும்.

சென்ற மழையில் உமது துறையின் கரைச்சுவர் இடிந்ததும், அடுத்த மழைக்குள் அதை எழுப்பாவிட்டால் சுமைகாரர் குடியிருப்புக்குள் கடல் புகும் என்பதும் நீர் அறிந்ததே. யானைகளால் இறக்க முடியாத பெருங்கற்களை இறக்குவதற்காக ஆங்கிலத் தச்சர் எட்மண்டை வரவழைத்தோம். அவர் நட்டு நிறுத்திய நெடுமரப் பொறிக்கு அவர் நாட்டில் கிரேன் என்று பெயர். நம் நாட்டு முறையோ வேறு. புதிதாக வந்த எதுவும் நம் சொல்லில் ஒரு பெயர் பெறாமல் இங்கே வேலைக்கு இறங்குவதில்லை. பெயர் வைத்தவர், அதன் முதல் வேலையின்போது, அது தவறினால் ஆபத்து எங்கே விழுமோ அங்கே நிற்க வேண்டும். படகுக்குப் பெயர் வைத்தவர் அதன் முதல் ஓட்டத்தில் அமர்கிறார். புதுமருந்துக்குப் பெயர் வைத்தவர் முதல் மிடறு குடிக்கிறார். இந்தப் பொறிக்குப் பெயர் வைப்பவர் தொங்கும் கல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பெயர் வைக்கும் கடமை அணிநங்கையாருக்கு வந்தது.

அவர் முதலில் எட்மண்டை அழைத்து அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார். அது ஒரு பறவையின் பெயர் என்றார் தச்சர். நம் கொக்குக்கும் நாரைக்கும் பெரியம்மா மகள் போன்ற, ஆளுயரப் பறவை. அதன் நீண்ட கழுத்தைப் பார்த்துத்தான் பொறிக்கு அப்பெயர் வந்ததாம். யவனரும் தம் மொழியில் அப்பறவையின் பெயராலேயே பாரந்தூக்கியை அழைத்தார்களாம். கூட்டத்தில் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுவதற்கும் ஆங்கிலேயர் அதே சொல்லைத்தான் சொல்கிறார்களாம்.

இவ்வளவு போதும், பெயர் வைத்துவிடலாம் என்று எட்மண்டு நினைத்தார். அணிநங்கையாருக்குப் போதவில்லை. மறுநாளும் அழைத்தார். அவர்கள் நாட்டுச் சதுப்பில் விளையும் ஒரு புளிப்புப் பழத்துக்கும் இந்தப் பறவையின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை அறிந்தார். அடுத்த நாள், ஒரு பூச்செடியின் விதைக்காய் அப்பறவையின் அலகைப் போல் இருப்பதால் யவனச் சொல்லிலிருந்து அச்செடிக்குப் பெயர் அமைந்ததை அறிந்தார். பிரெஞ்சுக்காரர் குலவரிசை எழுதும்போது பெற்றோரிலிருந்து பிள்ளைகளுக்கு இழுக்கும் மூன்று கோடுகள் அப்பறவையின் கால்தடம் போல் இருப்பதால், ஆங்கிலத்தில் குலவழிக்கே அந்தக் காலின் பெயர் நிலைத்துவிட்டது என்றும் கேட்டறிந்தார். சொல்லின் வேர் எங்கே என்று கேட்டதற்கு, அது அந்தப் பறவையின் கரகரத்த கூவலிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார் தச்சர். கேள்விகள் தீர்ந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு அமைச்சரின் கண்ணில் தெரிந்ததாகத் தச்சர் பிறகு நம்மிடம் சொன்னார்.

அது உண்மை என்பதை அணிநங்கையாரும் ஒருநாள் கண்டுகொண்டார். பொறியைப் பார்க்கத் துறைக்குப் போயிருந்தபோது, தூக்குமரம் என்று வைத்தால் என்ன என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். சுமைகாரர் தலைவி சடைச்சி தலைச்சும்மாட்டைச் சரிசெய்தபடி பதில் சொன்னாள்.

"நல்ல பேருதான் அம்மா. கழுத்துல கயிறு விழுந்தாலும் தலையில கல்லு விழுந்தாலும் ரெண்டுக்கும் ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மேலே பார்த்தார். கயிறு ஓடும் அந்த நீண்ட மரத்தின் நுனி வானத்தில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தாம் தேடிக்கொண்டிருந்தது சொல்லின் பொருளை அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நாள் வீதம் உயிரை நீட்டித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. கற்றவர் அச்சத்துக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த வசதிதான் அவரை வெட்கப்பட வைத்தது. அன்றே நெடுங்கொக்கு என்னும் பெயரை முடிவு செய்து நமக்கு ஆளனுப்பினார்.

பெயரிட்ட நாளின் நிகழ்ச்சி உமக்குத் தெரியும், நீர்தாம் நடத்தினீர். சாக்கில் பொதிந்த கல் எழுந்தது. அதற்குக் கீழே அவர் நின்றார். கண்ணை மூடக் கூடாது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, எதிரே ஒரு பெண் தன் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பொதி அவர் தலையைக் கடந்து சென்று சுவரோரம் இறங்கியது. நீர் பெயரை உரக்கக் கூவினீர். கூட்டம் ஆர்ப்பரித்தது. அமாவாசை கழிந்த மறுநாள் சுமைகாரர் பொறியின் கீழ் வேலைக்கு இறங்கலாம் என்று அறிவித்தீர்.

வீடு திரும்பி அவர் கூந்தலை அவிழ்த்தபோது சீப்பில் உமி வந்தது.

முதலில் அது எங்கிருந்து வந்ததென்று அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பொதி எவ்வளவு இலகுவாக எழுந்தது, கயிறு எவ்வளவு அமைதியாக ஓடியது, பொறியின் கழுத்து எப்படி வளையாமலே நின்றது என்பவையெல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. அவர் தலைக்கு மேல் கல் போகவே இல்லை. கல்லைப் போல் கட்டிய உமி மூட்டை போயிருக்கிறது.

பெருஞ்சாத்தனாரே, இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியும். அவருக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. நிம்மதி. உயிரோடு இருக்கிறோம், துணிந்தவர் என்ற பெயரும் கிடைத்துவிட்டது, உண்மை வேறு யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதியோடு அவர் சற்று நேரம் கண்ணாடி முன் அமர்ந்திருந்தார். கல்லின் கீழ் நிற்கும்போது இருந்த அச்சத்தைவிட இந்த நிம்மதிதான் தம்மை அதிகம் நடுங்க வைத்தது என்று நம்மிடம் சொன்னார். அது அவ்வளவு சுகமாக இருந்ததாம். அந்த உமியை ஊதிவிட்டு உறங்கியிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் அவர் உம்மிடம் வந்தார். நீர் மறுக்கவில்லை. அது உமது நேர்மை. அமைச்சருக்கு ஒன்று நேர்ந்தால் அரசிக்கு என்ன பதில் சொல்வது என்று அஞ்சிச் செய்ததாகவும், உமது தங்கையைப் போல் அவரை எண்ணியதாகவும், முறை என்பது ஊர் பார்ப்பதற்கான சடங்குதான் என்றும் சொன்னீர். பெரிய கல்லை அந்தப் பொறி தாங்குமா என்று அவர் கேட்டார். தாங்கும் என்றுதான் தச்சர் சொல்கிறார் என்றீர். நீர் என்ன சொல்கிறீர் என்று அவர் மறுபடியும் கேட்டார். அதற்கு நீர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தீர்.

அப்போது அவர் உம்மிடம் கேட்டதை அவர் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்.

"அமாவாசை கழிஞ்சு சடைச்சி தலைக்கு மேல எதைத் தூக்குவீங்க அண்ணா? அங்கேயும் உமிதானா?"

உமது கை சுண்ணாம்பைத் தடவியபடியே இருந்தது என்று அறிந்தோம். அதன்பின்பே அவர் நம்மிடம் வந்தார்.

அன்பினால் செய்தீர் என்பதை நாம் நம்புகிறோம். ஆனால் அந்த அன்பு யார் வரைக்கும் வந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை எண்ணிப் பாரும். உமக்குத் தெரிந்த ஒருவரின் தலையைக் காத்தீர். உமக்குப் பெயர் தெரியாத அத்தனை பேரின் தலைக்கும், காக்கப்பட்ட அந்த ஒரு தலையையே சான்றாகக் காட்டினீர். முறை ஊர் பார்ப்பதற்கான சடங்கு அன்று. மேலே இருப்பவருக்கு ஐயம் இருந்தால், அது கீழே நிற்பவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் அதை வைத்தார்கள்.

ஆகவே ஆணை யாதெனில்:

முதல் பெயரிடல் செல்லாது. பொறியின் கீழ் எவரும் வேலைக்கு இறங்கக் கூடாது. இவ்வோலை கண்ட மறுநாள் காலை, சுவருக்கென்று வந்த கற்களில் மிகப் பெரியதைச் சாக்கால் மூடாமல், ஊரார் கண்ணெதிரே பொறியில் பூட்ட வேண்டும். கயிற்றையும் முடிச்சையும் சடைச்சி தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதன்கீழ் அணிநங்கையார் நிற்பார். நாம் பணித்ததல்ல, அவரே வேண்டிக்கொண்டது. வேண்டாம் என்று நாம் தடுத்தும் பார்த்தோம். அவர் இன்னும் அஞ்சுகிறார் என்பதையும் நீர் அறிந்திருக்க வேண்டும்.

அவருக்கு அருகே, தோளோடு தோள் உரச, நீரும் நிற்க வேண்டும்.

கல் தரையை விட்டு எழும் முன், இது தாங்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு என்று ஊரறிய ஒரு சொல் சொல்வீரானால், அக்கணமே பொறி பிரிக்கப்படும். எட்மண்டு அதை வலுப்படுத்திக் கட்டும் வரை குடியிருப்பு மக்கள் நம் அரண்மனை மதிலுக்குள் தங்குவார்கள். உமது பட்டமும் பதவியும் உம்மிடமே இருக்கும், எவரும் உம்மை இகழக் கூடாது. இதற்கு நம் முடி பிணை.

சொல்லாமல் நிற்பீரானால், மேலே பார்த்தபடி நில்லும்.

இவ்வாணை மாறாது. இதைப் படித்ததற்கு அடையாளமாக உமது மோதிரத்தை ஓலையின் அடியில் பதித்து, ஓலையை அமைச்சரிடம் அல்லாமல் சடைச்சியின் கையில் ஒப்படைக்க. வலம்புரிச் சங்கு பொறித்த நம் முத்திரை இட்டோம். வெண்கரை நாடும் அதன் துறைகளும், துறைகளில் தலைச்சுமை சுமக்கும் ஒவ்வொருவரும் நலமே வாழ்க.