இரண்டு எழுத்து வித்தியாசம்

மார்ச் 4
இன்றும் இருபத்திரண்டு மாதிரிகள். பன்றிகளின் கருவைக் கலைக்கும் இந்த வைரஸின் மரபணு எழுத்துகளைப் படித்து, எந்தப் பண்ணைக் கிருமிக்கு எது பங்காளி என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. கண் எரிகிறது.

மார்ச் 7
அண்ணன் போன் செய்தான். அவன் பண்ணையில் இரண்டே நாளில் ஒன்பது சினைப்பன்றிகள் செத்த குட்டிகளாகப் போட்டிருக்கின்றன. "ஒன்னுகூட மூச்சு விடலம்மா" என்றான். நான் விட்டேனா? "கூட்டாளி குடுத்தான்னு சோதிக்காம ஆண் பன்றி வாங்குனியே, அதான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

மார்ச் 10
கூட்டாளி வீட்டு வாசலில் போய் அண்ணன் கத்தினானாம். அண்ணி சொன்னாள். இருபது வருடப் பழக்கம்.

மார்ச் 13
இருக்காது. அண்ணன் பண்ணை, கூட்டாளி பண்ணை இரண்டின் மாதிரிகளையும் இன்று படித்தேன்; எங்கோ மாதிரிக் குழாய் மாறியிருக்கும்.
கூட்டாளி பண்ணையிலும் வைரஸ் இருக்கிறது, ஆனால் வேறு வம்சம். அறுநூறு எழுத்தில் எழுபது ஒத்துப்போகவில்லை. அண்ணன் பன்றிகளில் இருப்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஏரிக்கரைப் பண்ணைக் கிருமி. இரண்டே எழுத்துதான் வித்தியாசம். இங்கும் அங்கும் யார் போனது?

மார்ச் 14
மறுபடி ஓட்டினேன். அதே இரண்டு எழுத்து.
இதே நோட்டில் பிப்ரவரி 15: 'ஏரிக்கரை, முப்பது மாதிரி. மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு.'
அன்று எழுதாதது ஒன்று உண்டு. குளித்தேன், பூட்ஸ் மாற்றினேன், எல்லாம் விதிப்படி. அண்ணன் ஒரு பன்றிக்கு ஊசி போட முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என் வண்டியில் கிடந்த மூக்குச் சுருக்கை, அதாவது பன்றியின் மேல்தாடையில் மாட்டிப் பிடிக்கும் கம்பியை, எடுத்துக் கொடுத்தேன். கழுவவில்லை. ஏரிக்கரைப் பன்றிகளின் எச்சில்கூடக் காயவில்லை. "அட, இது நல்லாருக்கே!" என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் மாட்டினான்.
ஐயோ, நானா? நானேவா? ஊருக்குத்தான் உபதேசமா?

மார்ச் 15
அறிக்கையில் ஒரு கட்டம்: 'தொற்று வந்த வழி.' 'தெரியவில்லை' என்று போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நாள் முழுக்க அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16
என் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அவன்கிட்ட இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்றான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

மார்ச் 29
அண்ணன் இன்றும் போன் எடுக்கவில்லை.

மே 2
இரத்த மாதிரி எடுக்க வரச்சொல்லி அண்ணி கூப்பிட்டாள். பண்ணை வாசலிலேயே அண்ணன் மறித்தான்.
"உன் சாமான் எதுவும் உள்ள வரக்கூடாது."
நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு. பக்கத்து ஆணியில் புதுச் சுருக்கு ஒன்று தொங்கியது. அதன் கீழே என் அளவில் ஒரு ஜோடி பூட்ஸ்.
இரத்தம் நான் எடுத்தேன். சுருக்கைப் பிடித்துக்கொண்டது அண்ணனின் கூட்டாளி.